ஐந்தில் முடியும் எண் எந்தப் பக்கம் போகும்?

2.5 என்ற எண்ணை முழு எண்ணாக்கினால் 3 என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கிறது. பைத்தான் நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு 2 என்கிறது. எக்செல் விரிதாளின் கட்டத்தில் இட்டால் 3 வரும். அதே எக்செலுக்குள் இயங்கும் விபிஏ மொழியில் கேட்டால் 2 வரும். இவற்றில் எதுவும் கைத்தவறால் வந்த விடை இல்லை. ஒவ்வொன்றும் எழுதிவைக்கப்பட்ட ஒரு விதியின்படி நடக்கிறது, ஒவ்வொரு விதிக்கும் அதற்கென்று ஒரு காரணமும் உண்டு.

தசம எண்களைச் சரியாக முழுமையாக்குவது எப்படி என்ற கேள்விக்கு வானியல் அட்டவணைக்காரர்கள், சட்டம் இயற்றுவோர், தர நிர்ணய அமைப்புகள், கணினி வடிவமைப்பாளர்கள் எனப் பலரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களை அவற்றின் பிறப்பிடத்தோடும் பலவீனத்தோடும் வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

7.83-ஐ ஒரு தசம இடத்திருத்தமாக எழுதினால் 7.8, 7.87 என்றால் 7.9. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எது அருகில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறோம். 7.85 மட்டும் 7.8, 7.9 இரண்டுக்கும் சம தூரத்தில் நிற்கிறது. அருகாமை என்ற அளவுகோல் இங்கே உதவாததால், கூடுதலாக ஒரு மரபை வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய கணக்குகள் இந்த நடுப்புள்ளியைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. யேல் பல்கலைக்கழகத் தொகுப்பில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இரண்டின் வர்க்கமூலத்தை அறுபதடிமானத்தில் 1. 24, 51, 10 என்று தருகிறது. அடுத்து வரவேண்டிய இலக்கம் 7. அது முப்பதுக்குக் குறைவு என்பதால், மிச்சத்தை வெட்டினாலும் அருகிலுள்ள மதிப்புக்கு மாற்றினாலும் ஒரே விடைதான். எழுதியவர் எந்த விதியைக் கைக்கொண்டார் என்பதை அந்தப் பலகையிலிருந்து அறிய முடியாது. கி.பி. 499-ஐச் சேர்ந்த ஆரியபட்டரின் 62832/20000 என்ற பின்னம் 3.1416 ஆகிறது. பையின் மதிப்பை நான்கு இடத்தோடு வெட்டியிருந்தால் 3.1415 வந்திருக்கும், அவர் தந்திருப்பது அருகிலுள்ள மதிப்பு. அதைத் தோராயம் என்றே அவர் குறிப்பிடுகிறார், வந்த வழியைச் சொல்லவில்லை. அருகிலுள்ள மதிப்பைத் தேடும் பழக்கம் பழையது என்று கொள்ளலாம். நடுப்புள்ளிக்கென ஒரு விதி தேவை என்ற எண்ணம் அட்டவணைகள் பெருகிய பின்னரே அழுத்தம் பெற்றதாகத் தோன்றுகிறது.

முதல் நிலைப்பாடு: ஐந்து என்றால் ஏற்று

நீக்கப்படும் முதல் இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் முந்தைய இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டு. 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் அப்படியே விடு. பள்ளி விதி இதுதான். ஒரே ஓர் இலக்கத்தைப் பார்த்தால் போதும் என்பது இதன் பெரிய வசதி. 7.85 ஆனாலும் 7.8512 ஆனாலும் வழி ஒன்றே.

இந்தியச் சட்டங்களும் இதையே எடுத்துக்கொண்டன. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஏ பிரிவு, மொத்த வருமானத்தில் பைசாவைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிட்டு, கடைசி இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் அடுத்த பத்து ரூபாய்க்கு ஏற்றவும், குறைவு என்றால் முந்தைய பத்துக்கு இறக்கவும் சொன்னது. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு ஐம்பது பைசாவுக்கும் அதற்கு மேலும் ஒரு ரூபாய் என்கிறது.

இந்த விதிக்குச் சொல்லப்படும் வழக்கமான நியாயம், 0 முதல் 4 வரை ஐந்து இலக்கங்கள் இறங்குகின்றன, 5 முதல் 9 வரை ஐந்து ஏறுகின்றன, ஆகவே சமம் என்பது. இதற்கு எதிர்வாதம் வலுவானது. 0 எங்கும் நகர்வதில்லை. 1-ஐ இறக்கிய இழப்பை 9-ஐ ஏற்றியது ஈடுகட்டும். 2-க்கு 8, 3-க்கு 7, 4-க்கு 6. ஐந்துக்கு மட்டும் இணை கிடையாது. பத்து இலக்கங்களும் சம வாய்ப்போடு வந்தால், ஓரிலக்கத்தை நீக்கும் ஒவ்வொரு முறையும் சராசரியாகக் கடைசி இட அலகில் இருபதில் ஒரு பங்கு மேல்நோக்கிச் சாயும்.

எதிர்வாதத்துக்கும் எல்லை உண்டு. இரண்டு இலக்கங்களை நீக்கினால் சாய்வு இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். இலக்கங்கள் கூடக்கூட அது மறையும். மேலும், கையிலிருக்கும் எண்ணே ஏற்கெனவே வெட்டப்பட்டது என்றால் நிலைமை தலைகீழாகிறது. வருமான வரிக் கணக்கில் பைசா நீங்கிய பின் நிற்கும் 5 ரூபாய், உண்மையில் 5.00 முதல் 5.99 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். அங்கே ஐந்தை மேலேற்றுவதுதான் நடுநிலையான செயல். ஆகவே பள்ளி விதி எப்போதும் சாய்வுடையது என்ற குற்றச்சாட்டைத் தரவு வந்த வழியைப் பார்க்காமல் ஏற்க முடியாது.

குறை எண்களில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. ‘மேலே’ என்பது பெரிய எண்ணை நோக்கியா, சுழியை விட்டு விலகியா? −2.5-ஐ எக்செல் −3 ஆக்குகிறது. ஜாவாஸ்கிரிப்ட் −2 ஆக்குகிறது. நேர் எண்களில் ஒன்றாகத் தெரிந்த விதி இங்கே இரண்டாகப் பிரிகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: இரட்டைப்படையை நாடு

சரியாக நடுவில் நிற்கும் எண்ணை, கடைசி இலக்கம் இரட்டைப்படையாகும் பக்கம் நகர்த்த வேண்டும் என்பது மாற்று விதி. 7.85 என்றால் 7.8, 7.75 என்றாலும் 7.8. பாதி நேரம் ஏறும், பாதி நேரம் இறங்கும், மொத்தத்தில் சாய்வு இராது என்பது எதிர்பார்ப்பு. 7.8512 நடுவில் இல்லை. அது வழக்கம்போல் 7.9 ஆகும். விதியைப் புதிதாகக் கற்பவர்கள் தவறும் இடம் பெரும்பாலும் இதுவே.

வங்கிகளின் பெயரால் இது பரவலாக அறியப்பட்டாலும், பதிவுகளில் இதைக் காண்பது கணித அட்டவணைகளின் உலகில்தான். அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகாம் 1882 வாக்கில் வெளிவந்த தம் மடக்கை அட்டவணை நூலில் இதைப் பரிந்துரைத்தார். ராபர்ட் உட்வர்ட் 1906-இல், கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் விதி என்று இதைக் குறிப்பிட்டார். 1940 முதல் அமெரிக்கத் தரநிலைகளில் இடம்பெற்றது. இந்தியாவில் ஐ.எஸ். 2 : 1960 என்ற தரநிலை இதே விதியைக் கொண்டது, சிமென்ட், எஃகு, உணவுப்பொருள் எனப் பல தரநிலைகள் சோதனை முடிவை அதன்படி முழுமையாக்கச் சொல்கின்றன. 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை, கணினியின் மிதவைப் புள்ளிக் கணக்குக்கு இதை இயல்பு விதியாக்கியது.

ஒற்றைப்படையை நாடினாலும் சாய்வு நீங்கும். இரட்டைப்படையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 0.45 ஒற்றைப்படை விதியில் 0.5 ஆகும், மறுபடி முழு எண்ணாக்கும்போது அதே நடுப்புள்ளிச் சிக்கல். இரட்டைப்படை விதியில் அது 0.4, அடுத்த படியில் குழப்பம் எழாது.

தொடர் கணக்கில் இந்த விதியின் பலன் தெளிவாகத் தெரியும். டேவிட் கோல்ட்பெர்க் 1991-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. மூன்று இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் கணக்கில் 1.00 உடன் 0.555-ஐக் கூட்டிப் பிறகு அதையே கழிக்க வேண்டும். கூட்டினால் 1.555, அது 1.56 ஆகிறது. கழித்தால் 1.005. பள்ளி விதி அதை 1.01 ஆக்கும், திரும்பச் செய்தால் 1.02, பிறகு 1.03. எதையும் சேர்க்காமலே எண் ஊர்ந்து ஏறுகிறது. இரட்டைப்படை விதியில் 1.005 மறுபடி 1.00 ஆகி அங்கேயே நிற்கிறது.

இதன் பலவீனம், ஒற்றையும் இரட்டையும் சரிபாதியாக வரும் என்ற அனுமானம். விலைகளும் கட்டணங்களும் அப்படிச் சிதறிக் கிடப்பதில்லை. ஒரே தொகை ஆயிரம் முறை திரும்ப வந்தால், ஆயிரம் முறையும் அது ஒரே பக்கம்தான் சாயும். 2.5 என்பது 2 ஆகி, 3.5 என்பது 4 ஆவதைச் சாதாரண மக்களுக்கு விளக்குவதும் எளிதல்ல.

நடுப்புள்ளியே இல்லாத இடம்

சில்லறை நாணயங்களை நாடுகள் கைவிட்டபோது கேள்வி வேறு வடிவில் வந்தது. மலேசியா 2008 ஏப்ரல் முதல் ரொக்கத் தொகைகளை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு மாற்றத் தொடங்கியது. 1, 2 இறங்கும். 3, 4 ஐந்தாகும். 6, 7 ஐந்துக்கு இறங்கும். 8, 9 பத்தாகும். ஐந்து ஒற்றைப்படை என்பதால் இரண்டு இலக்குகளுக்கு நட்டநடுவே முழு சென் எதுவும் விழுவதில்லை, தகராறும் இல்லை. நியூசிலாந்து 2006-இல் ஐந்து சென்ட் நாணயத்தை நீக்கிப் பத்துக்கு மாறியபோது ஐந்தில் முடியும் தொகை மறுபடி நடுவில் வந்து நின்றது. அதை ஏற்றுவதா இறக்குவதா என்பது வணிகர் முடிவுக்கு விடப்பட்டது. அலகைத் தேர்ந்தெடுக்கும்போதே சிக்கலின் ஒரு பகுதி முடிவாகிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

மூன்றாம் நிலைப்பாடு: ஒரே திசை

அருகாமையையே பார்க்காமல் எப்போதும் கீழே, அல்லது எப்போதும் மேலே என்பது மூன்றாவது வழி. கண்மூடித்தனமாகப் பின்பற்றினால் இதன் விலை பெரிது. வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீடு 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு மறுகணக்கீட்டிலும் மூன்று தசம இடங்களுக்குப் பிறகு வருவது வெட்டப்பட்டது. ஒரு வெட்டில் சராசரி இழப்பு 0.0005 புள்ளி. நாளுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மறுகணக்கீடு என்றால் தினமும் ஒன்றரைப் புள்ளி கரைகிறது. 1983 நவம்பரில் குறியீடு 524 அளவில் நின்றது. திருத்திக் கணக்கிட்டதும் 1098-க்கு மேல் எழுந்தது.

ஆனாலும் ஒரே திசைக்கு முறையான இடங்கள் உண்டு. அளவீட்டு ஐயப்பாட்டைக் கணிக்கும் பன்னாட்டு வழிகாட்டி, ஐயப்பாட்டை மேல்நோக்கி முழுமையாக்குவது சில வேளை பொருத்தம் என்கிறது, 10.47 மில்லிஓம் என்பதை 11 என்று எழுதலாம். தன் அளவீட்டை உள்ளதைவிடத் துல்லியமானதாகக் காட்டிக்கொள்வது ஆபத்து என்பதே காரணம். அதே வழிகாட்டி, 28.05 கிலோஹெர்ட்ஸை 28 என்று இறக்குவதே அறிவுக்கு உகந்தது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

எல்லைக்கோட்டில் நிற்கும் எண்

ஓர் எண் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும்போது, எந்த விதி என்பதற்கு முன்னால் முழுமையாக்கலாமா என்ற கேள்வியே எழுகிறது. ஒடிசா நீதித்துறைப் பணித் தேர்வு ஒன்றில் 45 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் 44.93 பெற்றவரின் வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. விதிகளில் இடமில்லாதபோது 44.93-ஐ 45 ஆக்க முடியாது என்று 2011-இல் தீர்ப்பானது. 1992 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தலில் பசுமைக் கட்சி பெற்ற 4.97 சதவீதம், ஒரு தசம இடத்தோடு 5.0 என்று காட்டப்பட்டது. ஐந்து சதவீதம் பெறாத கட்சிக்கு இடமில்லை என்பதால், பிழை தெரிந்ததும் இடங்களின் கணக்கே மாறியது.

பொறியியல் தரநிலைகள் வேறு பாதையில் போகின்றன. இந்தியத் தரநிலைகளின் வழக்கப்படி, சோதனை முடிவை விதித்த வரம்பில் எத்தனை இடங்கள் உள்ளனவோ அத்தனை இடங்களுக்கு முழுமையாக்கிய பின்பே ஒப்பிட வேண்டும். வரம்பு 0.05 என்று எழுதப்பட்டிருந்தால் 0.053 என்ற முடிவு தேறிவிடும், 0.050 என்று எழுதப்பட்டிருந்தால் தேறாது. கடைசியில் நிற்கும் சுழி அலங்காரத்துக்கு இல்லை என்பது இங்கே விளங்கும். அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் ஈ29, முழுமையாக்கி ஒப்பிடும் முறை, அப்படியே ஒப்பிடும் முறை இரண்டையும் வைத்து, எது என்பதை முன்கூட்டியே குறிப்பிடச் சொல்கிறது. இரண்டில் எதையும் தவறு என்று சொல்வது கடினம். சொல்லாமல் விடுவதுதான் வழக்குக்கு வழிவகுக்கிறது.

நான்காம் நிலைப்பாடு: வாய்ப்புக்கு விடு

2.3 என்ற எண்ணை 0.7 நிகழ்தகவோடு 2 ஆகவும், 0.3 நிகழ்தகவோடு 3 ஆகவும் மாற்றினால் சராசரி சரியாக 2.3-இல் நிற்கும். ஜார்ஜ் ஃபோர்சைத் 1950 வாக்கிலேயே கணினிக் கணக்குகளுக்கு இப்படியொரு யோசனையை முன்வைத்தார். அண்மைக் காலத்தில் குறைந்த துல்லியத்தில் இயங்கும் இயந்திரக் கற்றல் இதற்குப் புத்துயிர் தந்திருக்கிறது.

காரணத்தை ஒரு கணக்கில் காட்டலாம். பதினாறு பிட் மிதவை எண்ணில் 2048-க்குப் பிறகு இரட்டைப்படை எண்களே உண்டு. 2048 உடன் 1 கூட்டினால் வரும் 2049 சரியாக நடுவில் நிற்கிறது. கடைசி பிட்டைப் பார்க்கும் இரட்டைப்படை விதி அதை 2048-க்கே திருப்பி அனுப்பும். எத்தனை முறை ஒன்றைக் கூட்டினாலும் எண் நகராது. மேலேற்றும் விதியில் ஒவ்வொரு ஒன்றும் இரண்டாகிவிடும். வாய்ப்பு முறையில் பாதி முறை 0, பாதி முறை 2. மொத்தம் ஏறக்குறைய சரியாக வரும்.

நியூசிலாந்தின் புள்ளியியல் அமைப்பு தனிநபர் அடையாளத்தை மறைக்க, எண்ணிக்கைகளை மூன்றின் மடங்குகளுக்கு வாய்ப்பு முறையில் மாற்றி வெளியிடுகிறது. ஆனால் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டால் இரண்டு விடை வரலாம் என்பது தணிக்கைக்கு ஒத்துவராது. வரி கட்டுபவருக்கு உங்கள் தொகை குலுக்கலில் முடிவானது என்று சொல்லும் சட்டம் நிலைப்பது ஐயமே.

எப்போது முழுமையாக்குவது?

அருகிலுள்ள மதிப்பை எடுக்கும் எந்த விதியையும் இருமுறை பின்பற்றினால் விடை கெடலாம். 3.446-ஐ ஒரு தசம இடத்துக்கு நேராக மாற்றினால் 3.4. முதலில் 3.45 ஆக்கிப் பிறகு பள்ளி விதியைப் போட்டால் 3.5. இரட்டைப்படை விதியும் தப்பாது: 3.454 நேராக 3.5 ஆக வேண்டும், 3.45 வழியாகப் போனால் 3.4 ஆகிறது. ஆகவே ஒரே படியில், கடைசியில் மட்டும் என்பதில் தரநிலைகள் ஒன்றுபடுகின்றன. யூரோவுக்கு மாறிய காலத்தில் 1997-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒழுங்குவிதி இதைச் சட்டமாகவே எழுதியது. மாற்று வீதங்களுக்கு ஆறு முக்கிய இலக்கங்கள். ஒரு யூரோ 1.95583 ஜெர்மன் மார்க் என்றால் அதை வெட்டவோ சுருக்கவோ கூடாது, தலைகீழ் வீதமும் கூடாது.

கணினியில் இன்னொரு மறைவான படி இருக்கிறது. 2.675-ஐ இரண்டு இடத்துக்கு மாற்றச் சொன்னால் பைத்தான் 2.67 என்கிறது, இரட்டைப்படை விதிப்படியும் 2.68 அல்லவா வர வேண்டும்? இருமத்தில் 2.675-ஐத் துல்லியமாக எழுத முடியாது. உள்ளே சேமிக்கப்படுவது அதைவிட மிகச் சிறிதளவு குறைந்த எண். அது நடுவிலேயே இல்லாததால் இறங்குகிறது. பணக் கணக்குக்குப் பதின்ம வகை எண்களைப் பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை இதனால் வருவதே.

பகுதியும் மொத்தமும்

ஒவ்வோர் எண்ணையும் சரியாக முழுமையாக்கினாலும் கூட்டுத்தொகை பிசகலாம். முழுமையாக்கிய சதவீதங்கள் 100-ஐத் தரும் வாய்ப்பு, இயல்பான அனுமானங்களின்கீழ், மூன்று பகுதிகளுக்கு நான்கில் மூன்று, நான்கு பகுதிகளுக்கு மூன்றில் இரண்டு என்று 1967-இல் மாஸ்டெல்லரும் உடனாய்வாளர்களும் காட்டினர். ஒரு ரூபாய்ப் பொருளுக்கு 5 சதவீத வரியை மத்திய, மாநிலப் பங்குகளாகப் பிரித்தால் இரண்டரைப் பைசா வீதம் வரும். பள்ளி விதியில் மூன்றும் மூன்றும் ஆறு. இரட்டைப்படை விதியில் இரண்டும் இரண்டும் நான்கு. ஐந்தை எந்த விதியும் தரவில்லை.

நாடாளுமன்ற இடப் பங்கீட்டில் இது அரசியலாகிறது. பின்னத்தை வெட்டும் ஜெஃபர்சன் முறை, ஏற்றும் ஆடம்ஸ் முறை, அருகிலுள்ளதை எடுக்கும் வெப்ஸ்டர் முறை என அமெரிக்கா நீண்ட காலம் விவாதித்தது. 1941 முதல் நடப்பில் உள்ள ஹன்டிங்டன்–ஹில் முறை நடுப்புள்ளியையே நகர்த்துகிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே எல்லை 1.5-இல் இல்லாமல், பெருக்கல் சராசரியான 1.414-இல் இருக்கிறது. நடு என்பது எங்கே என்பதும் தேர்வுக்குரியதே என்று இது உணர்த்துகிறது.

மதிப்பீடு

இந்த நிலைப்பாடுகள் ஒரே கேள்விக்கான போட்டி விடைகளாகப் பேசப்பட்டாலும், அவை வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்வதாகவே தோன்றுகிறது. தனி ஒரு தொகையை யாரும் சரிபார்க்கும்படி மாற்ற மேலேற்றும் விதி போதும். அளவீடுகள் குவியும்போதும் கணக்குகள் தொடரும்போதும் இரட்டைப்படை விதிக்கு வலுவான நியாயம் இருக்கிறது. பாதுகாப்பு வரம்புக்கு ஒரே திசையும், குறைந்த துல்லியத்தில் நீளும் கூட்டலுக்கு வாய்ப்பு முறையும் பொருந்தலாம். பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 80000 முதல் இரண்டு விதிகளையும் பதிவுசெய்து, அளவீட்டுத் தொடர்களுக்கு இரட்டைப்படை விதியை விரும்பத்தக்கது என்று சொல்வதோடு நிற்பதற்குக் காரணமும் இதுவாக இருக்கலாம்.

இங்கே பார்த்த சேதங்களில் நடுப்புள்ளியால் விளைந்தவை குறைவு என்பதும் கவனிக்கத்தக்கது. வான்கூவரில் திரும்பத் திரும்ப வெட்டியது, ஜெர்மனியில் ஒப்பிடுவதற்கு முன்பே சுருக்கியது, மற்ற இடங்களில் இருமுறை முழுமையாக்கியது ஆகியவையே காரணங்கள். ஐந்து எந்தப் பக்கம் என்பதைவிட எப்போது, எத்தனை இடத்துக்கு, எத்தனை முறை என்ற கேள்விகள் விளைவில் பெரியவை.

தீராத கேள்விகளும் உள்ளன. உண்மையான விலைப் பட்டியல்களில் ஒற்றையும் இரட்டையும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே இரட்டைப்படை விதியின் நடுநிலை அமையும். அது துறைக்குத் துறை மாறக்கூடியது. பகுதிகளின் கூட்டு மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும், ஒவ்வொரு பகுதியும் தன் அருகிலுள்ள மதிப்பைப் பெற வேண்டும் என்ற இரண்டு நியாயமான எதிர்பார்ப்புகளும் எப்போதும் சேர்ந்து நிறைவேறா. எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் கணிதம் மட்டும் முடிவுசெய்ய இயலாது. மாணவர்களுக்கு ஒரே விதியை உண்மை என்று சொல்லிக்கொடுப்பதா, விதி ஒரு மரபு என்பதையும் சேர்த்துச் சொல்வதா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. இக்கேள்விகள் தீரும்வரை, முழுமையாக்கிய எண்ணை வெளியிடுபவர் தாம் பின்பற்றிய விதியையும் நிறுத்திய இடத்தையும் கூடவே எழுதுவது குறைந்தபட்ச நேர்மை எனலாம்.